வெளிநாட்டவர் கட்டணம்

நூதனசாலை என்றேன். புரியவில்லை.
மியூசியம் என்றேன்.
"அட, செத்த காலேஜு! பாண்டியன் ரோடுதானே?"
என் சீட்டில் பாந்தியன் என்று இருந்தது.
ரோமில் அந்தப் பெயருள்ள கோயிலுக்குள்
ஏழாம் வகுப்பில் நின்றிருக்கிறேன்.
கூரை நடுவே ஓட்டை, அதன் வழியே மழை,
மழை விழும் வட்டத்தைச் சுற்றிக் கயிறு.
இதை ஓடும் ஆட்டோவில் எப்படிச் சொல்வது.
"ஓம் அண்ணா, பாண்டியன்தான்."
"சிலோனா?" என்றார் கண்ணாடிக்குள்ளிருந்து.
"இன்னிக்கு வெள்ளிக்கிழமை இல்ல, தொறந்திருக்கும்."

வளசரவாக்கத்தில் மச்சாளின் கல்யாணம் முடிந்து
மருதாணி மங்காத கையோடு ஒரு பகல் மிச்சம்.
மற்றவர்கள் தி.நகரில் சேலைக்குள் புதைந்திருக்க
நான் இங்கே வந்தது ரசனையால் அல்ல, பழக்கத்தால்.
பலெர்மோவில், தொல்பொருள் கூடத்தில்,
காலை ஆறிலிருந்து ஒன்பது வரை
கண்ணாடி துடைக்கிறவள் நான்.

ஜன்னலில் ஒன்று கேட்டேன்.
பதினைந்து ரூபாய்ச் சீட்டைக் கிழிக்கப்போன விரல்
என் பேச்சைக் கேட்டு நின்றது.
"ஆதார் இருக்கா?"
சிவப்புக் கடவுச்சீட்டை நீட்டினேன்.
அட்டையில் பற்சக்கரம், நட்சத்திரம்.
எழுத்துக் கூட்டினார்: மரியஸ்டெல்லா அருளப்பு.
"அருளப்புன்னா தமிழ்தானே மேடம்?"
"ஓம்."
"அப்ப இந்தியா?"
"இல்லை."
"சிலோன்?"
"அது அப்பா."
பலகையைப் பார்த்தார். பலகையில் இரண்டே வரிதான்.
"ரூல் அப்படி. தப்பா நெனைக்காதீங்க."
இருநூற்றைம்பது.
மீதிக்கு ஐந்து பத்து ரூபாய் நாணயங்கள்.

நாணயக் கூடத்தில் மின்விசிறி
யாரையோ மறுத்துக்கொண்டே இருந்தது.
கண்ணாடிக்குள் ஒரு பேரரசர்,
பக்கவாட்டில், பிடரி தடித்து.
கன்னத்தின் குறுக்கே உளி வெட்டு.
உள்ளே செம்பா என்று பார்த்தார்களோ,
இந்த முகம் இனிச் செல்லாது என்றார்களோ,
அட்டையில் இல்லை.
இவரிடம் ஆதார் கேட்டிருக்க மாட்டார்கள்.
வெட்டிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டிருக்கிறார்கள்.

பக்கத்தில் ஒரு சாடியின் கைப்பிடி மட்டும்.
அங்கே எங்கள் இரண்டாம் கூடத்தில்
முழுச் சாடிகள் சுவரில் சாய்ந்து நிற்கும்,
ஒன்றுக்குக் கைப்பிடி இல்லை.
(இது அதுவாக இருக்காது. தெரியும்.)

கண்ணாடியில் யாரோ ஒரு குழந்தையின் மூக்கு,
எண்ணெய் விரல்கள் நான்கு.
பேரரசருக்கு முன்னால் குனிந்து
'ஹா' என்று ஊதி, துப்பட்டா நுனியால்
"ஏய், தொடாதீங்க!"

காக்கிப் புடவை. மார்பில் பெயர்: மங்கையர்க்கரசி.
"அங்க இதுதான் என்ர வேலை" என்றேன்.
நம்பாமல் என் கையைத் திருப்பிப் பார்த்தாள்.
மருதாணிக்குக் கீழே வெடிப்பு இருந்தது.
"எவ்ளோ தராங்க?"
சொன்னேன். பாதியாக்கிச் சொன்னேன், ஏனோ.
"பர்மனென்டா?"
"இல்லை, கொம்பனி ஆள்."
"நானும் கான்ட்ராக்டுதான்."
நாற்காலிக்கு அடியிலிருந்து
முந்தாநாள் செய்தித்தாளை எடுத்துக் கசக்கினாள்.
"துணியில தொடச்சா கோடு விழும்."
அங்கேயும் அப்படித்தான், என்றேன்.
மூக்கை அவள் அழித்தாள். விரல்களை நான்.
பேரரசர் வெட்டோடு இன்னும் துலக்கமானார்.

வெளியே டீக்கடை.
பத்து ரூபாய் நாணயத்தை நீட்டினேன்.
முன்னும் பின்னும் புரட்டி,
கல்லில் ஒருமுறை தட்டி, திருப்பித் தந்தார்.
"வேற குடும்மா."
"இது செல்லுமே? அரசாங்கக் காசு."
"செல்லும்மா. ஓடாது."

தாள் கொடுத்துவிட்டு நின்றேன்.
சட்டைப்பையில் ஐந்தும் ஒன்றையொன்று இடித்தன.
பாண்டியன் ரோட்டில் வெயில்,
கூரை எதுவும் இல்லாத ஓட்டையிலிருந்து.
அதைச் சுற்றி யாரும் கயிறு கட்டவில்லை.